ஊசியை நிறுத்திவிட்டு லேசர் பிடிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. வவுனியா மாவட்டத்தில் வயல் செய்கிறோம். யானைக் காவலுக்கு இரவில் வயல் கொட்டிலிலேயே தங்குவார். எட்டு மாதத்துக்கு முன் இடது முன்னங்கையில் நுளம்பு கடித்தது போல ஒரு சின்னப் பரு வந்தது. நோவும் இல்லை, கடியும் இல்லை. படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினோம். இப்போது ஐந்து ரூபாய்க் குத்தி அளவு புண், நடுவில் பொருக்கு. கன்னத்திலும் ஒன்று வந்துவிட்டது. வைத்தியசாலையில் ஓரத்தைக் கீறிச் சோதித்து "எல்.டி. பொடிஸ்" இருக்கிறது, லீஷ்மேனியாசிஸ் என்றார்கள். கிழமைக்கு ஒன்றாகப் புண்ணுக்குள் நாலு ஊசி போட்டார்கள். வலி தாங்காமல் அறுவடைச் சாட்டில் நிறுத்திவிட்டார். ஆறு கிழமை ஆகிறது. தனியார் நிலையம் ஒன்றில் "கோல்ட் லேசர்" பத்துத் தரம் பிடித்தால் ஊசி இல்லாமலே மாறும் என்கிறார்கள். நம்பலாமா? பிடிப்பதென்றால் எவ்வளவு நேரம், எத்தனை தரம்? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தோல் வைத்திய நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியைக் கைவிட்டு அந்த லேசரை மட்டும் நம்பிக் காசு கட்ட வேண்டாம். அந்த ஒளி புண் மூடுவதற்குக் கைகொடுக்கக்கூடும். ஆனால் இந்த நோயை உண்டாக்குவது லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி; உள்ளே இருக்கிற அதை ஒளி கொல்லும் என்று நம்ப ஆதாரம் இல்லை. நாலு ஊசியோடு நின்றுபோன ஒரு புண்ணில் ஒட்டுண்ணி இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆகவே அதே கிளினிக்குக்கு, அதே கார்டோடு, இந்தக் கிழமையே திரும்பிப் போகச் சொல்லுங்கள். "ஏன் இடையில் விட்டீர்கள்" என்று இரண்டு வார்த்தை கேட்க வேண்டிவரலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

பரிசோதனை முடிவில் இருந்த "எல்.டி. பொடிஸ்" என்பது இரண்டு பேரின் முதலெழுத்து: லீஷ்மன், டொனவன். 1903இல் சார்ள்ஸ் டொனவன் மதராஸ் பொது வைத்தியசாலையில் காய்ச்சல்காரரின் மண்ணீரலில் கண்ட உருண்டைகளும், அதே ஆண்டு வில்லியம் லீஷ்மன் விவரித்தவையும் ஒன்றே என்று தெரிந்து இந்தப் பெயர் வந்தது. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கிக் கறுங்காய்ச்சலை உண்டாக்கும் அந்த லீஷ்மேனியா டொனவனி இனமேதான் இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. இங்கே தொற்றிய முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1992இல் தென்பகுதியிலிருந்து வந்தது. இன்று வடக்கிலும் வடமத்தியிலும் வயலோடும் காட்டோடும் புழங்குகிறவர்களுக்கு இது புதினமான நோய் இல்லை. 2008 முதல் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரித்தால் பயப்படாதீர்கள், அது வழமையான நடைமுறை.

இந்த உருண்டைகள்தான் அந்த ஒட்டுண்ணி. 2 முதல் 4 மைக்ரோமீற்றர் அளவானவை. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். புண்ணின் ஓரம் திண்ணென்று தடித்திருப்பது அந்த அணுக்கள் குவிந்து கிடப்பதால்தான். நடுவில் இருப்பது பெரும்பாலும் செத்த சதையும் பொருக்கும். பரிசோதனைக்கு ஓரத்தைக் கீறுவதும், ஊசியை ஓரத்துக்குள் போடுவதும் இதனால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் லேசர் விஷயம் தானாக விளங்கும்.

"லேசர்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சிகிச்சைகள் ஒளிந்திருக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. விற்பவருக்கும் அந்தக் குழப்பம் வசதி.

கரியமிலவாயு லேசர் 10,600 நானோமீற்றர் அலைநீளம் கொண்டது. தோலில் உள்ள நீர் அந்த ஒளியை உறிஞ்சிச் சதையை ஆவியாக்கிவிடும். விறைப்பு ஊசி போட்டு, ஓரம் உட்படப் புண்ணைச் சுட்டெடுக்கிறார்கள். ஈரானிலும் பாகிஸ்தானிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலை செய்வது வெட்டாலும் சூட்டாலும், தழும்பு விடும். அடுத்தது ஒளிமருந்துச் சிகிச்சை. ஒரு களிம்பைப் பூசி மூடி வைத்து, அது தோலணுக்களுக்குள் ஒளியுணர் பொருளாக மாறியபின் 630 நானோமீற்றர் அளவிலான சிவப்பு ஒளியை அடிப்பார்கள். ஒட்டுண்ணிக்கு அந்தக் களிம்பை மாற்றிக்கொள்ளத் தேவையான நொதிகள் இல்லை; சாவது அதற்கு வீடு கொடுத்த வெள்ளணுக்கள். வீடு இடிந்தால் குடியிருந்தவனும் போவான் என்பதே இதன் கணக்கு. மூன்றாவது, ஆறிய தழும்பைச் சமப்படுத்தும் லேசர்கள். அவை நோய் மாறிப் பல மாதம் கழித்துப் பேச வேண்டியவை.

உங்களிடம் "கோல்ட் லேசர்" என்று சொன்னது இவற்றில் எதுவுமில்லை. அது குறைந்த சக்தி லேசர். 1 முதல் 500 மில்லிவாற்று வரையான சக்தி. 630 முதல் 680 வரை சிவப்பு, அல்லது 780 முதல் 900 நானோமீற்றர் வரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பிடிக்கும்போது தோலின் சூடு ஒரு பாகை ஏறுவதே அரிது. பெயரில் "கோல்ட்" இருப்பது அதனால்தான். இனி இதைப் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட உள்ளூர்ச் சிகிச்சைகளில் ஒன்று வெப்பம். புண்ணை 50 பாகை செல்சியசில் 30 விநாடி வைத்திருப்பார்கள். தோலில் வாழும் இந்த ஒட்டுண்ணி குளிர்ச்சியை விரும்புவது, சூட்டுக்குத் தாங்காது. 50 பாகையில் சாகும் ஒன்றை, சூடே ஏற்றாத ஒளி அதே வழியில் கொல்ல முடியாது. அந்த வெப்பக் கருவி பற்றிய செய்தியைக் காட்டி இந்த லேசரை விற்றால், இரண்டும் வேறு என்று தைரியமாகச் சொல்லுங்கள். (50 பாகை என்றதும் கரண்டியைக் காய்ச்சி வைக்க நினைக்காதீர்கள். காய்ந்த உலோகம் மேல்தோலைக் கருக்கும். அடியில் ஓரம் முழுவதும் அதே சூட்டை அரை நிமிடம் பிடித்து வைக்காது. மிஞ்சுவது தீக்காயமும் பழைய நோயும்.)

அப்படியென்றால் குறைந்த சக்தி லேசர் என்னதான் செய்கிறது? 1960களின் பிற்பகுதியில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், மயிர் மழித்த எலிகளின் முதுகில் மெல்லிய ரூபி லேசர் பட்ட இடத்தில் மயிர் விரைவாக முளைப்பதைக் கண்டார். அங்கிருந்து வளர்ந்த துறை இது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை அணுக்களுக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகளிலுள்ள சைட்டோகுரோம் சி ஒக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது. அணுவின் சக்தி உற்பத்தி கூடுகிறது. தழும்புத் திசு நெய்யும் அணுக்களும் புதிய நுண் இரத்தக் குழாய்களும் சுறுசுறுப்பாகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதற்கு நல்ல இடம் உண்டு. லீஷ்மேனியாவுக்கு? ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் செய்தவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மருந்தோடு சேர்த்தபோது புண் சுருங்கியது என்பவையும் உண்டு. ஒளிக்கு ஆள் தெரியாது என்பதையும் கவனியுங்கள்: ஒட்டுண்ணிக்கும் இழைமணி உண்டு, அதே வகை நொதியும் உண்டு. மனிதரில், தனி ஒளியால் மட்டும் இது மாறும் என்று காட்டும் ஒழுங்கான ஒப்பீடு கையில் இல்லாத நிலையில், உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சைப் பட்டியலில் இது இடம்பெறவில்லை.

"வெளிநாட்டில் மாறியிருக்கிறதாமே" என்று கேட்பீர்கள். மத்திய கிழக்கில் அதிகம் காணப்படும் லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தின் புண் பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். மூன்றாம் மாதம் லேசர் தொடங்கி ஐந்தாம் மாதம் ஆறினால் பேர் லேசருக்குத்தான் போகும். லேசர் பிடிக்காத இன்னொரு கூட்டத்தை அருகில் வைத்துப் பார்க்காமல் அந்தக் கதைகளுக்கு எடை இல்லை. நம் நாட்டு இனம் மெல்ல வளர்ந்து மெல்லவே மாறுகிறது. தானாக ஆறும் என்று காத்திருக்கத் தக்கதல்ல. உங்கள் கணவருக்கே எட்டு மாதமாகியும் ஆறவில்லை, இரண்டாவதும் வந்திருக்கிறது.

லேசரை மட்டும் பிடிப்பதால் பெரிய தீங்கு உடனே வராது. ஆபத்து வேறு. ஒளி பட்டு நடுப்புண் கொஞ்சம் மூடும், சிவப்பு கொஞ்சம் வடியும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஓரத்திலே கெட்டி அப்படியே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அதே இடத்தில், முந்தியதைவிட அகலமாகத் திரும்பும். கன்னத்தில் அந்த அகலம் முழுவதும் தழும்புதான். கடையில் வாங்கிய களிம்பில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் அதுவும் இதையேதான் செய்திருக்கும்: மேலே தணித்து, கீழே வளர விட்டிருக்கும். அந்தக் குழாயை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி ஊசி. நாலு ஊசியில் மாறவில்லை என்பது தோல்வி இல்லை. புண்ணுக்குள் போடுவது சோடியம் ஸ்டிபோகுளுக்கொனேற்று என்ற அன்ரிமனி மருந்து. ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். கிழமைக்கு ஒன்றாக எட்டு, பத்து வரை போவது இலங்கையில் சாதாரணம். மருந்து ஓரத்தைச் சுற்றி எல்லாப் பக்கத்திலும் தோலின் நடுப்படைக்குள் போக வேண்டும். போகும்போது அந்த இடம் வெளிறித் தோடம்பழத் தோல் போலப் புடைக்கும். ஊசி ஆழமாகிக் கொழுப்புக்குள் போனாலோ, நடுப்பொருக்கு வழியாக மருந்து வெளியே வழிந்தாலோ அந்தத் தரம் வீண். கெட்டியான சதைக்குள் மருந்தை நெருக்கித் தள்ளுவதால் வலி இருக்கத்தான் செய்யும், அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. குறைக்க வழி உண்டு: ஒரு மணித்தியாலத்துக்கு முன் வழக்கமான அளவு பனடோல், சுற்றியுள்ள நல்ல தோலில் விறைப்புக் களிம்பு, அல்லது மெல்லிய ஊசியால் முதலில் விறைப்பு மருந்து. "வலி தாங்க முடியவில்லை" என்று வாய்திறந்து சொன்னால்தான் இவை கிடைக்கும். வயலில் யானைக்கு முன்னால் நிற்கிற ஆண்கள் ஊசி அறையில் பேசாமல் பல்லைக் கடித்துவிட்டு, அடுத்த கிழமை வராமல் விடுவதுதான் வழக்கம். நீங்கள் கூடப் போங்கள்.

ஊசி உண்மையிலேயே முடியாதென்றால் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திரவ நைதரசனால் உறைய வைத்தல். தனியாகவும் செய்வார்கள், ஊசியோடு சேர்த்தும் செய்வார்கள். புண்ணோடு ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நல்ல தோலும் வெள்ளையாகும்வரை உறைய விட்டு, இளகவிட்டு, மறுபடி உறைய வைப்பது. கொப்புளம் போடும், அது எதிர்பார்த்ததுதான். நம் நிறத்துத் தோலில் அந்த இடம் வெளிறிப்போய் நெடுநாள் நிற்கலாம் என்பதால், கன்னத்துப் புண்ணுக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். மற்றது நான் மேலே சொன்ன 50 பாகை வெப்பக் கருவி. விறைப்பு ஊசி உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒரே தடவை. இலங்கையிலேயே செய்து 2017இல் வெளியான ஒப்பீட்டில் அந்த ஒற்றைத் தடவை கிழமை ஊசிகளுக்குச் சளைக்கவில்லை. எல்லா வைத்தியசாலையிலும் கருவி இல்லை. கிழமைக்கிழமை பஸ் ஏற முடியாத விவசாயிக்கு இது ஊசியைவிடப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். எங்கே இருக்கிறதென்று விசாரித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கண்ணுக்கு மிக அருகிலான புண்ணுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் அது ஆகாது.

லேசருக்கு எந்த இடமும் இல்லையா என்றால், ஒரு சின்ன இடம் உண்டு. மருந்து முடிந்து, ஓரத்தின் கெட்டி இளகி, திரும்பக் கீறிப் பார்த்ததில் எல்.டி. பொடிஸ் இல்லை, ஆனாலும் நடுவில் ஆழமான பள்ளம் மூடாமல் கிழமைக்கணக்கில் நிற்கிறது. அப்போது. அதற்கும் முன்னால் ஏன் மூடவில்லை என்று பார்க்க வேண்டும்: இரத்தத்தில் சீனி எவ்வளவு, பக்டீரியாத் தொற்று ஏறியிருக்கிறதா, சட்டைக்கை உரசுகிறதா, கிருமிநாசினி தெளிக்கும் கையா. இந்த நோயின் புண் இயல்பில் நோகாது. நோகத் தொடங்கி, சீழும் மணமும் வந்து, சுற்றிச் சிவந்தால் அது பக்டீரியா. அதற்கு மருந்து வேண்டும், ஒளி போதாது.

எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்று கேட்டிருந்தீர்கள். நேரத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். அளவு நேரத்தில் இல்லை, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை யூல் (ஒளிச் சக்தியின் அலகு) விழுகிறது என்பதில் இருக்கிறது. திறந்த புண்ணுக்கு வழக்கத்தில் உள்ளது 2 முதல் 4 யூல். கணக்கு எளிது. கருவியின் சக்தி 50 மில்லிவாற்று, ஒளி விழும் வட்டம் அரைச் சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று. அதாவது விநாடிக்கு 0.1 யூல். 4 யூலுக்கு 40 விநாடி. அதே 50 மில்லிவாற்று பேனா முனை போன்ற 0.05 சதுர சென்ரிமீற்றர் வட்டத்தில் விழுந்தால் செறிவு பத்து மடங்கு; 4 யூலுக்கு 4 விநாடி போதும். அங்கேயும் பழக்கத்தில் 40 விநாடி பிடித்தால் 40 யூல் போய்விடும். இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு: குறைந்த அளவு தூண்டும், மிதமிஞ்சினால் அதே அணுக்களை மந்தமாக்கும். "கூடப் பிடித்தால் கெதியாக மாறும்" என்பது இங்கே செல்லாது.

உங்கள் கணவரின் புண் குறுக்காக 2 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 3 சதுர சென்ரிமீற்றர். அரைச் சதுர சென்ரிமீற்றர் முனையால் நடுவில் ஆறேழு இடம், ஓரத்தைச் சுற்றி நல்ல தோலில் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஏழெட்டு இடம். ஓரிடத்துக்கு 40 விநாடி என்றால் மொத்தம் பத்து நிமிடத்துக்குக் கிட்ட வரும். இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பினால் அது போதாது. திறந்த நடுப்பகுதிக்கு 660 நானோமீற்றர் சிவப்பு, சுற்றியுள்ள ஓரத்துக்கு 810 அளவில் அகச்சிவப்பு என்று பிரிப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தரம். ஒவ்வொரு கிழமையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே வைத்துப் புண்ணின் ஓரத்தை வரைந்து அளக்க வேண்டும். மூன்று கிழமையில் கோடு உள்ளே வரவில்லையென்றால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். பத்துத் தரத்துக்கும் முன்கூட்டியே காசு வாங்கும் இடத்தில் இந்த நிறுத்தம் நடக்காது.

பிழைகள் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் நடக்கும். பொருக்குக்கு மேலே பிடிப்பது முதல் பிழை. ஒளி பொருக்கிலேயே நின்றுவிடும். சேலைன் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, இளகியதை மட்டும் எடுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. ஊதா மருந்தோ மண்ணிற அயடின் மருந்தோ பூசிய புண்ணைக் கழுவாமல் பிடித்தால் நிறமே ஒளியைக் குடித்துவிடும். முனையைத் தூரத்தில் பிடித்தால் வட்டம் விரிந்து செறிவு குறையும், பாதி தெறித்தும் போகும். சமையலறையில் உணவு மூடும் மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் உறையைப் புதிதாகச் சுற்றி, புண்ணைத் தொட்டும் தொடாமலும் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் உறை மாற வேண்டும், முனையை 70 சதவீத அற்ககோலால் துடைக்க வேண்டும். கருமையான தோல் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிச் சூடேறும். சக்தி கூடிய கருவி என்றால் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. சுடுகிறது என்று கணவர் சொன்னால் உடனே எடுக்க வேண்டும். சுட்டால் அது குறைந்த சக்தி லேசராக இருக்காது.

கன்னத்தில் பிடிப்பதென்றால் கண் முதல் கவலை. அந்தக் கருவியின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி நோயாளிக்கும் பிடிப்பவருக்கும் வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. அகச்சிவப்பு இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது. புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள புண்ணில் பிடிக்கவே கூடாது. நெடுநாள் ஆறாத எந்தப் புண்ணிலும், கீறல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால், துண்டு வெட்டிப் பார்த்தபின்தான் எதுவும்.

ஆகவே அந்த நிலையத்தில் விலையைக் கேட்குமுன் அலைநீளம் என்ன, எத்தனை மில்லிவாற்று, வட்டம் எவ்வளவு பெரிது, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை யூல் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் மெசினே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடலாம். உங்கள் கிளினிக் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினாலும் அப்படித்தான்.

மாறிவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விரலாலும் பாருங்கள். தோல் மூடி, ஓரம் தட்டையாகி, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் சுற்றுத் தோலிலிருந்து வித்தியாசம் தெரியாத அளவுக்கு இளகியிருக்க வேண்டும். கறுப்போ வெளிறலோ மிஞ்சுவது நோய் இல்லை. சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் காட்ட வேண்டும். திரும்புவதென்றால் பெரும்பாலும் அதற்குள் தழும்பின் ஓரத்தில் சின்னப் பருவாகத் தலைகாட்டும். கன்னத் தழும்புக்குச் செய்யும் லேசர் பற்றி அதன் பிறகு எழுதுங்கள்.

இரத்தத்துக்குள் போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. உள்ளுறுப்புகளைத் தாக்கியதாக இங்கே அறிக்கையானவர்கள் மிகச் சிலர். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்தல் என்று வந்தால், தோல் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போய், இந்த நோய் இருந்ததைச் சொல்ல வேண்டும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எலிக்காய்ச்சலுக்காக வயலில் இறங்குமுன் கிழமைக்கு ஒருதரம் டொக்சிசைக்கிளின் எடுப்பவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லட்டும். அது வெயிலில் தோலைச் சுடவைக்கும் மருந்து. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தும் ஒளிமருந்துச் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் கட்டாயம் தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு அப்பாவைத் தொட்டோ, ஒரே பாயில் படுத்தோ தொற்றாது. இடையில் மணல் ஈ வேண்டும். 2, 3 மில்லிமீற்றர் நீளம்தான், நுளம்பின் பாதி கூட வராது; சத்தம் போடாது, தத்தித் தத்திப் பறக்கும், பொழுதுபட்டபின் கடிக்கும். நீரில் பெருகுவதில்லை; மாட்டுப்பட்டிச் சாணி ஊறிய ஈரமண், புற்று, மண்சுவர் வெடிப்பு, உக்கும் இலைச்சருகு இவைதான் அதன் இடம். ஆகவே பட்டியை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கொட்டிலில் படுக்கும்போது முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, திறந்த தோலில் விரட்டிக் களிம்பு. புண்ணை எப்போதும் துணியால் மூடி வைத்தால் அதில் கடித்த ஈ அடுத்தவருக்குக் கொண்டுபோக வழி குறையும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் இது நுழைந்துவிடும். மருந்து ஊட்டிய வலை, அல்லது கண் மிக நெருக்கமான வலை வேண்டும். கொட்டிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.